பாத்ரூம் சுவரும் சிஸ்டர் கொண்டையும்

கேன் தண்ணீர் ஊற்றி, மத்தியான வெயில் பட்டுவிடக் கூடாது என்று மனைவியின் பழைய துப்பட்டாவைத் திரையாகக் கட்டி, பல்லி தள்ளிவிடுமோ என்று மூடிமேல் கல் வைத்து, மாதக்கணக்கில் நான் பொத்திப் பொத்தி வளர்த்தது எங்கள் வீட்டு பாத்ரூம் குழாய்க்குப் பக்கத்தில், சுவர் வெடிப்பில், யாரும் கேட்காமலே முளைக்கிற செடி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நீங்கள் சிரிக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. இப்போதே சிரித்துவிடுங்கள். மிச்சக் கதையில் சிரிப்பு கொஞ்சம் குறைவு.

நான் வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். லைனில் வருகிற பாகத்தைப் பார்த்து, நல்லதைப் பச்சைத் தொட்டியிலும் கெட்டதைச் சிவப்புத் தொட்டியிலும் போடுவது வேலை. அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற இரண்டு பாகங்கள் ஒரே தொட்டியில் கலந்துவிட்டால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைப் பரப்பியதும் பெரும்பாலும் நானேதான்.

பெரணிப் பைத்தியம் எனக்குப் பிடித்தது எங்கள் கம்பெனி பஸ் டிரைவரால். அவர் சீட்டுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே, ஒரு பெரணியை, நர்சரியில் ஃபெர்ன் என்பார்களே அதை, சின்னத் தொட்டியில் தொங்கவிட்டிருப்பார். சேரப்பணஞ்சேரியில் நான் ஏறும் நிறுத்தத்திலிருந்து அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு அது ஆடுவதையே பார்த்துக்கொண்டு போவேன். ஒருநாள் ஒரு துண்டு கேட்டேன். அன்றோடு நான் தொலைந்தேன்.

"பூக்காது, காய்க்காது, வாசன கெடயாது. மாட்டுக்குப் போட்டா மாடே மூஞ்ச திருப்பிக்கும். இத்த எதுக்குங்க வளக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"உன்ன மாதிரி பதில் பேசாதுல்ல, அதுக்குதான்" என்றேன். அன்றைக்கு எனக்கு மட்டும் குழம்பில் காய் இல்லை.

பெரணிக்கு விதை கிடையாது. இலையைத் திருப்பினால் அடியில் பழுப்பாக வரி ஓடியிருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பூச்சி விழுந்துவிட்டது என்று மருந்தடிப்பார்கள். நானும் அடித்திருக்கிறேன். அந்த இலையை நறுக்கி வெள்ளைத் தாள்மேல் வைத்து, ஃபேன் போடாமல் விட்டால் மறுநாள் இலையின் உருவத்திலேயே தாளில் பழுப்புப் பொடி கொட்டியிருக்கும். மூக்குப்பொடியைவிட நைஸாக இருக்கும். வம்சமே அதில்தான். படித்தவர்கள் ஸ்போர் என்பார்கள். நாங்கள் பொடி என்போம்.

நாங்கள் என்றால் ஒரு வாட்ஸப் குரூப். டிரைவர், தண்டலத்தில் காலேஜ் வாத்தியார் ஒருவர், பிரியாணிக் கடைக்காரர், இன்னும் சில பேர். ஷிப்ட் ஒத்துப்போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரகடம் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் கூடுவோம். கோயிலில் திருநீறு மடித்துக் கொடுப்பதுபோல் பொடியைத் தாளில் மடித்து, சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்கு மாற்றிக்கொள்வோம். டீக்கடைக்காரர் ரொம்ப நாள் எங்களைச் சந்தேகமாகவே பார்த்தார்.

குரூப்புக்குச் சட்டதிட்டம் அதிகமில்லை. பொடி வாங்கினால் தாங்க்ஸ் சொல்லக் கூடாது. ஒரு பொடியை ஒரே ஆள் கையில் முழுதாக விடக் கூடாது, மூன்று பேருக்காவது பிரிக்க வேண்டும். முளைத்து வருகிற முதல் செடி, பொடி கொடுத்தவருக்குத்தான் போக வேண்டும். இந்த ஊர் வெயிலில் தாய்ச்செடி எப்போது வேண்டுமானாலும் போய்விடும். கொடுத்தவருக்கே திரும்பக் கிடைக்கத்தான் அந்த வழக்கம். அடுத்தவன் வீட்டில் நம் செடி உயிரோடு இருந்தால் போதும் என்பதுதான் எங்கள் இன்ஷூரன்ஸ்.

அந்தக் குரூப்பில் எனக்குக் 'கைராசிக்காரர்' என்று பேர் வந்தது. வேகவைத்து ஆறவைத்த மண்ணில் பொடியைத் தூவி, கண்ணாடி மாதிரியான பார்சல் டப்பாவில் மூடி வைத்தால், சில வாரத்தில் பச்சைப் பாசி படரும். பாசி குட்டிக் குட்டி இதயமாகும். இதயத்திலிருந்துதான் நிஜ இலை எழும். மற்றவர்களுக்குப் பாதி டப்பாவில் ஒன்றுமே வராது. எனக்கு எதைத் தூவினாலும் பச்சைக் கம்பளம். படம் எடுத்துப் போடுவேன். "ணா, உன் கைய கொஞ்சம் கடன் குடேன்" என்று டிரைவர் எழுதுவார். அந்தக் கம்பளமெல்லாம் கோடை வந்ததும் இலை விடுவதற்கு முன்பே வெந்து போயின. ஆனால் முளைத்ததே என்று பேர் நின்றுவிட்டது. பாசிப் பருவத்தில் எல்லாப் பெரணிக்கும் ஒரே முகம் என்பதை அப்போது நானும் நினைத்துப் பார்க்கவில்லை, குரூப்பிலும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இனி சிஸ்டர். எங்கள் கம்பெனி ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் நர்ஸாக இருக்கிறவர். விரலை நசுக்கிக்கொண்டு வருகிறவனுக்குக் கட்டுப் போடுவார். தலைவலி என்று பொய் சொல்லி வருகிறவனுக்கும் ஒரு மாத்திரை கொடுத்து, "பத்து நிமிஷம் படுத்துட்டு ஓடிடு" என்பார். ஸ்ரீபெரும்புதூரில் தனியாக வாடகைக்கு இருந்தார். அவரும் பெரணிக்காரர் என்று டிரைவர்தான் கண்டுபிடித்துக் குரூப்பில் சேர்த்தார்.

சிஸ்டரிடம் ஒரு செடி இருந்தது. நர்சரியில் வாங்கிய சாதாரணப் பெரணியின் பொடியை அவரே தூவியபோது, வந்த குட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் இலை நுனி பிரிந்து பிரிந்து, சேவல் கொண்டை மாதிரி சுருண்டு நின்றது. வாத்தியார் எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டு, இதே மாதிரி இன்னொன்றைத் தான் பார்த்ததில்லை என்றார். குரூப் அதற்குச் 'சிஸ்டர் கொண்டை' என்று பேர் வைத்தது. ஒரு ஆளின் பேரோடு எங்களிடம் இருந்த செடி அது ஒன்றுதான்.

சிஸ்டருக்கு அதில் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஒருமுறை மட்டும் சொன்னார்: "இங்க நான் போட்டிருக்கிற கோட்டு, உக்கார்ற சேரு, கத்திரிக்கோலு, எல்லாத்துலயும் கம்பெனி பேரு இருக்கு சார். அந்தச் செடி மட்டும்தான் எம் பேர்ல இருக்கு."

போன கோடையில் பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் தகரக் கொட்டகை போட்டார். அதில் பட்டுத் திரும்பிய வெயில் சிஸ்டரின் செடியை வறுத்துவிட்டது. ஆடி மாதம் ஒரு மத்தியானம் என்னை ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜை டிராயரிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார்.

"பொடி இருந்தது ஒரே இலையிலதான் சார். மிச்ச இலையெல்லாம் கருகிட்டு வருது. மூணா பிரிச்சிடுங்க. டிரைவருக்கு ஒண்ணு, வாத்தியாருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு."

"நீங்க வெச்சிக்கலையா சிஸ்டர்?"

"எனக்கு அந்த வூட்ல எதுவும் நிக்காது சார். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இது நிதானமாத்தான் வரும். ரொம்பச் சின்னதா இருக்கும். அவசரப்படாதீங்க."

தலையாட்டினேன். என் தலை நன்றாக ஆடும்.

சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டி என் பையைத் திறந்தார். சாப்பாட்டு டப்பாவுக்குள் பொட்டலம் இருந்தது.

"இன்னா சார் இது? பொடியா?"

"செடி வெத."

"வெதன்னா குண்டு குண்டா இருக்கும். இது இன்னா, மூக்குப்பொடி மாரி கீது?" என்று பிரித்தே விட்டார். அவருக்குப் பக்கத்தில் பெரிய ஃபேன் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கையையும் விரித்து ஃபேனுக்கு முன்னால் பாய்ந்து நின்றேன். பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள்.

"யோவ், மூச்சு வுடாத! மடிச்சிக் குடு!"

"சார், நீங்க நல்லாதான இருந்தீங்க?" என்றபடி மடித்துக் கொடுத்தார். ஒரு துளி சிந்தவில்லை. ஃபேனிடமிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று வீடு வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பொட்டலத்தைப் பிரித்தேன். மூன்றாகப் பிரிக்கத்தான் கொண்டுபோயிருந்தேன், சத்தியமாக. ஆனால் பிரிப்பதற்கு முன்னால், போன முறை முளைத்த என் பச்சைக் கம்பளத்தைப் பற்றி ஒரு உரை ஆற்றினேன். மண்ணை எப்படி வேகவைப்பது, எப்படி ஆறவைப்பது, மூடியில் ஈரம் எவ்வளவு நிற்க வேண்டும். டீ ஆறிவிட்டது.

டிரைவர்தான் சொன்னார். "ணா, எங்கிட்ட குடுத்தா வீண். போன தபா தூவுனதுல காளான்தான் வந்திச்சி. நீயே முழுசா போடு. உன் கைக்கு வராததா?"

வாத்தியாரும் ஆமாம் என்றார். "சட்டம் என்ன ஆகிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். கேட்ட தோரணையிலேயே பதில் இருந்தது. பொட்டலம் மறுபடி என் பைக்கே வந்தது.

இப்போது மண் வேகவைத்த கதை. எங்கள் வீட்டு இட்லிக் குண்டானில்தான். துணி போட்டு, மாவு ஊற்றுகிற மாதிரியே தட்டில் மண் பரப்பி, ஆவியில் வேகவைப்பேன். மண்ணிலிருக்கிற வேறு விதை, புழு, பூஞ்சை எல்லாம் செத்துப்போக வேண்டும். என் மனைவி அதற்குப் பிறகு வேறு குண்டான் வாங்கிவிட்டாள். வெந்த மண் நாறும் என்று அவள் அதை வீட்டுக்குள் வைக்க விட மாட்டாள். அதனால் எப்போதும் வெளியே, பாத்ரூமுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்மேல் தட்டைத் திறந்து வைத்து ஆறவைப்பேன். நிழலான இடம், குளிர்ச்சியாகவும் இருக்கும். ஈ கூட மொய்க்காமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் இருப்பேன். தலைக்கு மேலே, குழாய் ஒழுகி நனைந்த சுவரில், காட்டுத்தனமாக ஒரு பெரணி புதராகத் தொங்கிக்கொண்டிருந்தது. இலைக்கு இலை அடியில் பழுத்த வரி. நான் ஈயை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மண் ஆறியதும் சிஸ்டரின் பொடியைத் தூவினேன். தாளைத் தட்டி உதறினேன். மூடினேன்.

புரட்டாசியில் பச்சை வந்தது. வழக்கமான கம்பளம். படம் போட்டேன். சிஸ்டர் இரண்டு கைகூப்பும் பொம்மை போட்டார். ஐப்பசி மழையில் அது இதயம் இதயமாகப் பிரிந்தது. உற்றுப் பார்த்தபோது இரண்டு தினுசு தெரிந்தது. ஒன்று நல்ல கொழுகொழு இதயம். இன்னொன்று அதற்கு நடுவில் கடுகளவு, வெளிறிப்போய், வளராமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு என்னைப் பிடித்தது குவாலிட்டிப் பிசாசு. நெருக்கமாக இருந்தால் எதுவும் வளராது, பலவீனமானதை எடுத்துவிட வேண்டும் என்பது பொதுவான முறைதான். ஞாயிறு மத்தியானம், ஜன்னல் வெளிச்சத்தில், மனைவி புருவம் திருத்துகிற இடுக்கியை எடுத்துக்கொண்டு, நோஞ்சான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மூடியில் போட்டேன். சிவப்பு மூடியைத் தேடி எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் வந்து பார்த்த மனைவி, "பாவம், அதுவும் பச்சையாதான கீது?" என்றாள்.

"இதெல்லாம் ரிஜெக்ட்."

"இன்னா ரிஜெக்ட்டோ. ஞாயித்துக்கெழமகூட டியூட்டி."

மூடியை வாஷ்பேசினில் கழுவிவிட்டேன். 'ரொம்பச் சின்னதா இருக்கும், அவசரப்படாதீங்க' என்று ஒருவர் சொல்லியிருந்தது காதில் இருந்திருக்கலாம். ஆனால் இடுக்கி கையில் இருந்தது.

மிஞ்சிய கொழுகொழுக்கள் பிரமாதமாக வளர்ந்தன. கார்த்திகையில் இலை விட்டன. குரூப்பில் எல்லோரும் கேட்டார்கள், கொண்டை எங்கே என்று. "கொழந்தைக்கு மீச மொளைக்குமாபா? பெருசான பிறகு வரும்" என்றேன். அது உண்மைதான், சிஸ்டரின் செடிக்கும் முதல் சில இலைகள் சாதாரணமாகத்தான் இருந்தனவாம். அதுவும் எங்கள் சுவர்ச் செடிக்கு ஒருவகையில் ஒன்றுவிட்ட சொந்தம். சின்ன வயதில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால்கூடப் பிரிக்க முடியாது. நான் பக்கத்தில் வைத்தும் பார்க்கவில்லை.

மார்கழியில் முதல் செடியை வழக்கப்படி சிஸ்டரிடம் கொடுத்தேன். சும்மா கொடுத்தேனா? டப்பாவுக்கு ரிப்பன் கட்டி, பாகங்களுக்கு ஒட்டுகிற பச்சை 'ஓகே' டேக் ஒன்றைத் தொங்கவிட்டுக் கொண்டுபோனேன். ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் படுத்திருந்த ஒரு டிரெய்னி எழுந்து உட்கார்ந்து பார்த்தான். சிஸ்டர் டப்பாவை வெளிச்சத்துக்குத் தூக்கி, மூடிக்கு வெளியிலிருந்தே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தாங்க்ஸ் சொல்லக் கூடாது என்பது சட்டம். அதனால் எனக்கு ஒரு வைட்டமின் மாத்திரை கொடுத்தார்.

தை பிறந்ததும் சிஸ்டர் வீடு மாறினார். ஷிப்டுக்குப் பக்கமாக, ஒரகடத்தில், மூன்றாவது மாடி. ஜன்னலில் ஒரு தொட்டிக்குமேல் வைக்கக் கூடாது, தண்ணீர் கீழே சொட்டும் என்று அந்த வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டாராம். வீடு மாறுகிற வாரம் என்னைக் கேண்டீனில் பிடித்தார்.

"சார், பழசு இன்னும் முழுசா போகல. ஒரே ஒரு இலை பச்சையா இருக்கு. அத எடுத்துக்கினு போகவா, இல்ல நீங்க குடுத்தது போதுமா? ஒண்ணுக்குதான் எடம்."

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள என்னால் முடிந்திருக்கும். 'தெரியல சிஸ்டர், கொண்டை வர்ற வரைக்கும் ரெண்டையும் எங்கனா வெச்சிருங்க, பழசு என் வூட்லகூட இருக்கட்டும்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மேஜையில் எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் இருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"புது வண்டி டெலிவரி குடுத்துட்டேன். அந்தப் பழைய வண்டிய எதுக்கு சிஸ்டர் தள்ளிக்கினு போறீங்க?" என்றேன். எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார்.

பங்குனியில் என் மைத்துனர் வீட்டார் வருவதாக இருந்தது. மைத்துனர் மனைவி வந்தால் முதலில் பார்ப்பது பாத்ரூம்தான் என்பது என் மனைவியின் கணக்கு. கையில் பிரஷ்ஷோடு சுவரைத் தேய்க்கப் போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"இன்னாங்க, இங்க கொஞ்சம் வர்றீங்களா? உங்க செல்லப்புள்ள இங்க வந்து குந்திகினு கீது."

போனேன். சுவர் வெடிப்பிலிருந்து அவள் பிடுங்கிய ஒரு கொத்து அவள் கையில் இருந்தது. அதே ஏணி மாதிரியான இலை. இரண்டு பக்கமும் அதே குச்சிக் குச்சி. காம்பில் அதே வெளிர் ரோமம்.

"அது வேற, இது வேற" என்றேன்.

"இன்னா வேற?"

"இது காட்டுச் செடி."

"அப்போ டப்பால கீதே, அது இன்னா, கான்வென்ட்ல படிச்சிச்சா?"

உள்ளே போய் டப்பாவிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தேன். இரண்டையும் துவைக்கிற கல்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பத்து மீட்டர் தூரத்திலிருந்து கலப்படம் கண்டுபிடிக்கிறவன் நான். மூக்கு படும் தூரத்தில் குனிந்து பார்த்தேன். அவளும் குனிந்தாள். தலைக்கு மேலே சுவரைப் பார்த்தேன். கல்லைப் பார்த்தேன். மண் ஆறவைக்கிற இடத்தைப் பார்த்தேன். என் கைராசி முழுவதும் அந்தக் குழாய் ஒழுகலிலிருந்து கொட்டியது என்று அப்போது புரிந்தது. மண் ஆறும்போதெல்லாம் மேலிருந்து சுவர்ச் செடியின் பொடி விழுந்திருக்கிறது; அத்தனை பச்சைக் கம்பளமும் இந்தச் சுவர் போட்டது.

மனைவி முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அவளே நிறுத்திவிட்டு, "அப்போ அந்த சிஸ்டரோடது?" என்றாள்.

மறுநாள் ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் போனேன். சிஸ்டர் ஒரு ஆபரேட்டரின் கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன்.

"சிஸ்டர், ஒரு சேதி. நம்ம கொழந்த ஆஸ்பத்திரில மாறிடிச்சி."

சிரித்தார். "யார் கொழந்த சார்?" என்று கேட்டபடியே துணியைச் சுற்றினார். அந்தச் சிரிப்பு இருக்கிற நேரத்துக்குள் மிச்சத்தைச் சொல்லிவிடலாம் என்று வேகமாகச் சொன்னேன். சுவர், குழாய், இட்லிக் குண்டான், துவைக்கிற கல். ஆபரேட்டர் பையன் 'ஹஹ்ஹா' என்றான். சிஸ்டரின் கை மட்டும் நின்றுவிட்டது.

"வேற டப்பா எதுனா வெச்சிருக்கீங்களா சார்?"

"இல்ல சிஸ்டர். எல்லாப் பொடியும் அதுலயே போட்டுட்டேன்."

"டிரைவரு, வாத்தியாரு?"

"அவங்க என்னையே போடச் சொல்ட்டாங்க."

கட்டைவிரலில் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "நடுவுல ரொம்பச் சின்னதா ஒண்ணு வந்திருக்குமே, அன்னைக்கே சொன்னேனே சார். அது?"

"அத்த... ரிஜெக்ட் பண்ணிட்டேன்."

சிஸ்டர் தலையசைத்தார். துணியின் முனையைக் கிழித்து முடிச்சுப் போட்டார். "தண்ணி படாம பாத்துக்கோ" என்று பையனிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "பரவால்ல சார். பி.பி. பாக்கணுமா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல் கையை நீட்டினேன். அழுத்திப் பார்த்தார். நார்மல் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவரைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் சிஸ்டரின் பழைய வீட்டுக்குப் போனேன். என் பேச்சைக் கேட்டு அவர் விட்டுவிட்டு வந்த பழைய செடித் தொட்டி கிடக்கிறதா பார்க்கலாம் என்று. வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"அந்தக் காஞ்ச செடியா? அது போய் எவ்ளோ நாளாச்சி. தொட்டில தொளசி வெச்சிருக்கேன் பாருங்க."

"பழைய மண்ணு இன்னா பண்ணீங்க?" என்று டிரைவர் கேட்டார்.

"மண்ண யாருனா பத்திரமா வெச்சிருப்பாங்களாபா? குப்ப வண்டில போட்டாச்சி."

டிரைவர் விடவில்லை. சிஸ்டரின் ஜன்னலுக்குக் கீழே சுவரைப் போய்த் தடவிப் பார்த்தார். எங்காவது வெடிப்பில் ஒரு குட்டி ஒட்டியிருக்குமா என்று. சுவர் முழுக்கப் புதிதாகப் பட்டி பார்த்து, வெள்ளையாகப் பெயிண்ட் அடித்திருந்தது. வீட்டுக்காரர் பெருமையாக, "நேத்துதான் ரெண்டாவது கோட்டு முடிஞ்சிது. கை வெக்காதீங்க" என்றார்.

திரும்பும்போது வண்டியில் நான் ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகமில்லை. டிரைவர் வண்டியை முறுக்கினார். ஒரகடம் வரைக்கும் அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். டீக்கடையில் இறங்கியதும், "நாங்களும் சேந்துதான்ணா உங்கைல குடுத்தோம்" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் சொல்லவுமில்லை.

குரூப்பில் நானே எல்லாவற்றையும் எழுதினேன். ஜோக் இல்லாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. மூன்று தடவை எழுதி அழித்தேன். யாரும் திட்டவில்லை. வாத்தியார் மட்டும், இனிமேல் யார் என்ன சொன்னாலும் பொடியைப் பிரித்தே தீர வேண்டும் என்று எழுதினார். இப்போது பிரிக்கிறோம். டீக்கடை மேஜையிலேயே, எல்லோர் கண்ணுக்கும் முன்னால். மூன்றாகப் பிரிக்கும்போது என் பங்கைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். மண்ணை வீட்டுக்குள் ஆறவைக்கிறேன். மனைவி மூக்கை மூடிக்கொண்டு அனுமதிக்கிறாள். எனக்கும் இப்போது மற்றவர்களைப் போலவே பாதி டப்பாவில் ஒன்றும் வருவதில்லை.

'சிஸ்டர் கொண்டை' என்ற பேர் மட்டும் பழைய படங்களுக்குக் கீழே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரிடம் இருக்கிறது, கொஞ்சம் பொடி கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். சிஸ்டர் பதில் போடுவதில்லை. நானும் போடுவதில்லை.

சித்திரையில் ஒருநாள் தகடு கிழித்து உள்ளங்கையில் வெட்டு. ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் போனேன். சிஸ்டர் மருந்து தடவிக்கொண்டிருக்கும்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். வீட்டு ஜன்னலுக்கு என்று அவர் எடுத்துப்போன, நான் கொடுத்த செடி இப்போது அங்கே இருந்தது. நன்றாக வளர்ந்து, ஏணி ஏணியாக இலை விரித்திருந்தது. டப்பாவில் நான் கட்டியிருந்த பச்சை 'ஓகே' டேக் இப்போது காம்பில் தொங்கியது.

"இன்னும் இத்த வெச்சிருக்கீங்களா சிஸ்டர்?"

"அது இன்னா பண்ணும் சார், பாவம். அது பாட்டுக்கு மொளச்சிது."

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "எங்க வூட்டு செவுத்துல இன்னும் நெறய கீது, வேணும்னா சொல்லுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அதுவும் ஜோக் என்று எனக்கே தெரிந்தது.

சிஸ்டர் பஞ்சை எடுத்துச் சிவப்புக் கூடையில் போட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு அந்தப் பொட்டலத்த உங்க கைல குடுக்காம, ஜன்னலத் தொறந்து வாயால ஊதி வுட்டிருந்தா, எங்கனா ஒரு செவுத்துல மொளச்சிருக்கும் சார்."